எந்தப் பேனை வாங்குவது? மாரியையும் வெயிலையும் வைத்து ஓர் ஒப்பீடு

கடை மேசையின் கீழ்த்தட்டில் ஒரு பழைய கடன் கொப்பி வைத்திருக்கிறேன். 2011 ஜனவரி வெள்ளத்தில் நனைந்த கொப்பி. களுவாஞ்சிகுடியில் எழுதுபொருளும் போட்டோக் கொப்பியுமாக நடத்தும் சின்னக் கடை என்னுடையது. அந்த மாதம் கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வெயில் எறித்த முதல் நாள் கொப்பியை விரித்துக் காயவைத்துப் பார்த்தேன். சாதாரண போல்பொயின்ட் பேனையால் எழுதிய பக்கங்கள் கடதாசி சுருங்கியும் எழுத்து அப்படியே இருந்தன. பென்சிலால் குறித்தவையும் இருந்தன. நீல ஜெல் பேனையால் எழுதிய ஆறு பக்கங்களில் மட்டும் ஓர் எழுத்தும் இல்லை, நீலம் பரவிய வெறும் தாள். அந்த ஆறு பக்கத்தில் இருந்தவர்களில் அரைவாசிப் பேர் தாங்களாகவே வந்து, "எங்கட கணக்கு இவ்வளவு" என்று சொல்லிக் கட்டினார்கள். அந்த நல்ல மனங்களுக்காகவே கொப்பியை எறியாமல் வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு பேனை கேட்டு வருபவர் யாரானாலும் "என்ன எழுதுறதுக்கு?" என்று கேட்காமல் எடுத்துக் கொடுப்பதில்லை. ஜனவரியில் புத்தகப் பட்டியலோடு வரும் அம்மாமார், அரச செயலகமான கச்சேரிக்குப் படிவம் நிரப்ப வருபவர்கள், ரியூசன் சேர்மார், நெல் வியாபாரிகள் என்று எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "நல்ல பேனை எது?" ஒரே பதில் இதற்கு இல்லை. எதற்கு எது பொருந்தும் என்பதைத் தெளிவாகச் சொல்லலாம்.

## எதை வைத்துப் பார்ப்பது

பேனை வாங்குபவர் கடையில் ஒரு துண்டுக் கடதாசியில் கிறுக்கிப் பார்ப்பார். வழுவழுவென்று ஓடினால் வாங்குவார். எழுதும் அந்த நொடியைத்தான் அது காட்டும். எழுதிய பிறகு எழுத்துக்கு என்ன நடக்கும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

முதலாவது தண்ணீர். ஒக்டோபர் முடிய வாடைக்காற்று திரும்பினால் ஜனவரி வரை மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் மழைதான். பை நனையும், கூரை ஒழுகும், வாவி நிரம்பி வீட்டுக்குள் வரும். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போன பிறகு, இந்தக் கரை முழுவதும் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் கொடிக்கயிற்றில் போட்டுக் காயவைத்தவர்களைக் கண்டவன் நான். எழுத்து தண்ணீரைத் தாங்குமா என்பது இங்கே உயிரான கேள்வி.

அடுத்தது வெயிலும் காலமும். பத்து வருடம் கழித்து வாசிக்க வேண்டிய எழுத்தும் உண்டு, நாளைக்கே எறியப்போகும் எழுத்தும் உண்டு. மூன்றாவது கை: உயர்தரப் பரீட்சையின் இரண்டாம் வினாத்தாளை மூன்று மணித்தியாலம் எழுதும் பிள்ளைக்கு விரல் நோகாமல் இருக்க வேண்டும்.

நான்காவது கடதாசி. எங்கள் கொப்பித் தாள் மெல்லியது. மை மறுபக்கம் ஊறினால் ஒரு பக்கத்தில்தான் எழுதலாம், கொப்பிச் செலவு இரட்டிப்பாகும். 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. அதற்குப் பிறகு ஏறிய கொப்பி விலையை நினைத்தால், ஊறும் பேனை மலிவாகக் கிடைத்தாலும் மலிவில்லை.

ஐந்தாவது துணி. பாடசாலைச் சேட்டு வெள்ளை, அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில்தான் விலை. அதையும் ஒரு பேனையின் விலையாகப் பார்க்காமல் எத்தனை பக்கம் எழுதுகிறது, ரீபில் கிடைக்கிறதா என்று சேர்த்துப் பார்க்க வேண்டும்.

## போல்பொயின்ட்

ஹங்கேரியரான லாஸ்லோ பீரோ 1938இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. நுனியில் ஒரு சின்ன உருண்டை, அதன் பின்னால் எண்ணெய் கலந்த களி போன்ற மை. உருண்டை கடதாசியில் உருளும்போது மையை எடுத்துப் பூசுகிறது. 1950இல் பிரான்சின் பிக் நிறுவனம் ஒளிபுகும் பிளாஸ்டிக் உடம்போடு மலிவாக விற்கத் தொடங்கிய பிறகு உலகமெங்கும் பரவியது. எங்கள் பக்கம் பிள்ளைகள் பெயர் சொல்லியே "சூட்டி ஒண்டு தாங்க" என்பார்கள்; அட்லஸ் நிறுவனத்தின் அந்தப் பேனையும் இதே வகைதான்.

இதன் பலம் தண்ணீர் தாங்குவது. மையில் எண்ணெய் இருப்பதால் நனைந்தாலும் கரைந்து ஓடாது. என் கடன் கொப்பி தப்பியது இதனால்தான். எழுதிய உடனே கை பட்டாலும் பெரிதாக இழுபடாது. மெல்லிய கொப்பியில் மறுபக்கம் ஊறாது. மை மெதுவாகவே தீரும்.

இன்னொரு பலம் பலருக்கு நினைவில் இருப்பதில்லை: அழுத்தி எழுதலாம். பில் புத்தகத்தில் கார்பன் வைத்து எழுதும்போது கீழ்த் தாளில் விழ வேண்டுமானால் அழுத்தம் வேண்டும். போன வருடம் சம்மாந்துறைக் காக்கா ஒருவர் விலை கூடிய ஜெல் பேனையொன்றைக் கொண்டுவந்து, "இதுல எழுதினா அடித்தாள் வெறுசாக் கிடக்கு, பேனையில பிழையா தம்பி?" என்று கேட்டார். பேனையில் பிழையில்லை. ஜெல் பேனையை அழுத்தினால் நுனிதான் பழுதாகும். பில் புத்தகத்துக்குச் சாதாரண போல்பொயின்ட் போதும் என்று கொடுத்தனுப்பினேன்.

குறைகளும் உண்டு. களி மையை உருட்ட அழுத்தம் வேண்டும் என்பதால் நீளமாக எழுதினால் விரல் நோகும். வெயிலில் நிறுத்திய மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் கிடந்தால் மை இளகி நுனியில் குமிழ் கட்டும், அடுத்த தாளில் அப்பும். நீல மை நேரடி வெயிலில் நாளாவட்டத்தில் மங்கும்; கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டிய அறிவித்தலில் பார்க்கலாம். ஸ்பிரிட் பட்டால் கரையும். கொரோனாக் காலத்தில் சனிடைசர் ஈரம் காயாத கையோடு கையெழுத்து வைத்து, பெயர் முழுவதும் இழுபட்ட படிவங்கள் என் கடைக்கே திரும்பி வந்தன.

சுவரில் தாளை வைத்து எழுதினால் பேனை நின்றுவிடும். மை கீழே இறங்குவது புவியீர்ப்பால். நுனியை மேல்நோக்கிப் பிடித்தால் காற்று உள்ளே போகும். அப்படி நின்ற பேனையை நெருப்பில் காட்டுவது எங்கள் ஊர்ப் பழக்கம். அது நுனியை உருக்கிப் பேனையை மொத்தமாகக் கெடுக்கும். ஒரு றப்பர்ச் செருப்பின் அடியில் நாலு வட்டம் போட்டால் உருண்டை சுழலத் தொடங்கும்.

மூடியின் தலையில் இருக்கும் ஓட்டையைப் பற்றியும் கேட்பார்கள். பிள்ளை மூடியை விழுங்கித் தொண்டையில் சிக்கினால் மூச்சுப் போக வழி விடுவதற்காக வைத்தது அது. பிக் நிறுவனம் 1991இல் கொண்டுவந்தது. சின்னப் பிள்ளை இருக்கும் வீடானால் மூடியில் ஓட்டை உள்ள பேனையைப் பார்த்து வாங்குங்கள்.

## ஜெல்

1984இல் ஜப்பானின் சகுரா நிறுவனம் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட மை. சும்மா இருக்கும்போது கூழ்போல நிற்கும், உருண்டை சுழன்றால் இளகி ஓடும். அதனால்தான் தொட்டவுடன் எழுதுகிறது, விரல் நோகாமல் ஓடுகிறது, நிறம் ஆழமாக விழுகிறது.

எல்லா ஜெல்லும் ஒன்றல்ல. மையில் நிறம் இரண்டு விதமாகச் சேரும். சாயம் கரைந்திருந்தால் தண்ணீர் பட்டவுடன் ஓடும். நுண்ணிய நிறத்துகள் கலந்திருந்தால், காய்ந்த பிறகு அது கடதாசி நாரில் பிடித்துக்கொள்ளும். தண்ணீரும் அசைக்காது, வெயிலிலும் மங்காது. நல்ல கறுப்பு ஜெல் பேனைகள் பெரும்பாலும் இரண்டாம் வகை. மலிவான நீலமும் மினுங்கும் வண்ணங்களும் பெரும்பாலும் முதல் வகை. என் ஆறு பக்கங்களும் முதல் வகையில் எழுதியவை என்று பின்னால்தான் விளங்கியது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பெட்டியில் ஐஎஸ்ஓ 27668-2 என்ற சர்வதேசத் தர இலக்கம் போட்டிருந்தால் அது ஆவணம் எழுதச் சோதித்த ஜெல். போல்பொயின்டில் அதற்குச் சமமான இலக்கம் 12757-2. எல்லாப் பெட்டியிலும் இருக்காது. இருந்தால் நம்பி எடுக்கலாம்.

ஜெல்லின் மறை செலவுகள் மூன்று. மை கூடுதலாக இறங்குவதால் சீக்கிரம் தீரும். உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒன்று மாதத்தில் எத்தனை ரீபில் மாற்றுகிறது என்பதைக் கடைக்காரனாக நான் அறிவேன். ஒருமுறை நுனி நிலத்தில் குத்தி விழுந்தால் உருண்டை இருக்கை நசுங்கி, பாதி மை இருக்கும்போதே பேனை செத்துவிடும். மூன்றாவது சேட்டு: நிறத்துகள் மை வெள்ளைத் துணியில் பிடித்தால் அநேகமாகப் போகாது.

வியர்வையும் ஒரு பிரச்சினை. புழுங்கும் மண்டபத்தில் உள்ளங்கை ஈரமாகும். காயாத ஜெல்லின் மேல் கை போகும். இடக்கைப் பிள்ளைகளுக்கு இது இரட்டிப்பு. கையின் கீழ் ஒரு வெற்றுத் தாளை வைத்துக்கொண்டு எழுதப் பழகினால் பெரும்பாலும் தீரும்.

## இரண்டுக்கும் நடுவில்

இப்போது பிசுபிசுப்புக் குறைந்த எண்ணெய் மை நிரப்பிய போல்பொயின்ட்கள் வருகின்றன. ஜெல் அளவுக்கு இலேசாக ஓடும், போல்பொயின்ட் போல உடனே காயும், தண்ணீரிலும் கரைந்து ஓடாது. ஒரே பேனைதான் வாங்குவேன் என்று ஒருவர் சொன்னால் நான் கையில் கொடுப்பது இதையே. விலை சாதாரணப் பேனையைவிடப் பல மடங்கு. ஆனால் ரீபில் மாற்றக்கூடியதாக எடுத்தால் வருடக் கணக்கில் அந்த இடைவெளி சுருங்கும். ரீபில் எங்கள் ஊரில் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். 2022இல் இறக்குமதி முடங்கியபோது அழகான பேனைகளை வைத்துக்கொண்டு ரீபிலுக்கு அலைந்தவர்கள் உண்டு. பிடியில் மெத்தென்ற பூச்சு உள்ளதைத் தவிருங்கள், கடற்கரைக் காற்றில் இரண்டு மூன்று வருடத்தில் அது பிசுபிசுக்கத் தொடங்கும்.

## மைப் பேனை

எங்கள் அப்பா காலத்து ஊற்றுப் பேனை. அழுத்தமே வேண்டாம், கையெழுத்துத் திருந்த இதைவிட நல்லது இல்லை என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் சாதாரண நீல மை தண்ணீரைக் கண்டால் போய்விடும். மெல்லிய கொப்பியில் பரந்து மறுபக்கம் தெரியும். நல்ல கடதாசி, உலர்ந்த வீடு, ஆறுதலான நேரம் உள்ளவர்களுக்கு இது. ஒரு நன்மை, கழுவக்கூடிய நீல மையானால் சேட்டில் பட்டாலும் துவைத்தால் போகும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | போல்பொயின்ட் | இலேசான எண்ணெய் மை | ஜெல் | மைப் பேனை |
|---|---|---|---|---|
| தண்ணீர் பட்டால் | நிற்கும் | நிற்கும் | மையைப் பொறுத்தது | ஓடும் |
| நீண்ட நேரம் எழுத | விரல் நோகும் | நல்லது | நல்லது | மிக நல்லது |
| மெல்லிய கொப்பி | ஊறாது | ஊறாது | சில ஊறும் | ஊறும் |
| கார்பன் வைத்து | ஆம் | அழுத்தினால் விழும் | வேண்டாம் | வேண்டாம் |
| வெள்ளைச் சேட்டு | ஸ்பிரிட்டால் குறையும் | ஸ்பிரிட்டால் குறையும் | அநேகமாகப் போகாது | கழுவும் மை போகும் |
| மை தீரும் வேகம் | மெதுவாக | நடுத்தரம் | வேகமாக | வேகமாக |

சேட்டில் போல்பொயின்ட் பட்டால் துவைக்க முன்னமே செய்ய வேண்டிய வேலை: கறையின் கீழ் ஒரு பழந்துணி வைத்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒற்றி ஒற்றி எடுங்கள். தேய்த்தால் பரவும். அயன் பிடித்த பிறகு எடுப்பது கடினம்.

## அழிக்கக்கூடிய பேனை

பிள்ளைகள் ஆசையாகக் கேட்கும் இந்தப் பேனையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பின்னாலுள்ள றப்பரால் தேய்க்கும்போது மை சுரண்டப்படுவதில்லை, உரசும் சூட்டில் நிறம் மறைகிறது. ஏறக்குறைய 60 பாகை செல்சியஸில் மறையும் மை அது. ஒரு பிள்ளை தன் அடையாள அட்டையை இந்தப் பேனையால் நிரப்பிக் கொண்டுவந்தது. லமினேட் இயந்திரத்தின் ஒரு பக்கம் போட்டேன், மறுபக்கம் பெயரும் இல்லை, வகுப்பும் இல்லை, வெற்று அட்டை வந்தது. பிள்ளையின் முகம் வாடிவிட்டது. கடும் குளிரில் நிறம் திரும்பும் என்று தெரிந்திருந்ததால் பக்கத்துக் குளிர்பானக் கடை ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்தோம். எழுத்து மங்கலாகத் திரும்பி வந்தது.

கணக்குப் பழக, குறிப்பெடுத்துத் திருத்த இது நல்ல பேனை. பரீட்சை, படிவம், காசோலை எதற்கும் வேண்டாம். வெயிலில் மூடி நிறுத்திய வாகனத்துக்குள் விட்ட கொப்பியே வெறுமையாகலாம்.

## மாக்கர்கள்

பெர்மனன்ட் மாக்கர். மது வகைக் கரைப்பானில் சாயமும் பிசினும் கலந்த மை. கரைப்பான் ஆவியாகப் பிசின் பிடித்துக்கொள்ளும். மேற்பரப்பு காய்ந்திருந்தால்தான் பிடிக்கும். மீன் வாடிகளில் ஐஸ் பெட்டிக்குப் பெயர் எழுதுபவர்கள் ஈரத்தின் மேலேயே எழுதிவிட்டு மாக்கர் கூடாதென்பார்கள். துடைத்து, காயவிட்டு எழுதினால் நிற்கும். இறால் கழுவிய ஈரம் நுனியில் ஏறினால் மாக்கரும் அடைபடும்.

"பெர்மனன்ட்" என்ற சொல் தண்ணீருக்குத்தான், வெயிலுக்கு அல்ல. அம்பாறைப் பக்கம் நெல் மூடைகளில் உரிமையாளர் பெயர் எழுதி வெளியில் அடுக்கினால், நாட்பட நீலமும் சிவப்பும் வெளிறும். கறுப்பு கொஞ்சம் தாங்கும். மாதக் கணக்கில் வெயிலில் கிடக்கப் போகிறதென்றால் பெயின்ட் மாக்கர் வாங்குங்கள். விலை கூட, ஆனால் நிறத்துகள் பூச்சு என்பதால் நிற்கும். ஆவணத்தில் மட்டும் மாக்கரைத் தொடாதீர்கள், தாளை ஊடுருவி மறுபக்க எழுத்தையும் கெடுக்கும்.

ஒயிட்போட் மாக்கர். ரியூசன் சேர்மாரின் பெரிய செலவு. இதன் மையில் பலகையோடு ஒட்டாமல் பிரிக்கும் பொருள் சேர்ந்திருக்கிறது. அதனால்தான் உலர்ந்த துணியால் துடைபடும். நின்ற நிலையில் பேனாக் குவளைக்குள் வைக்காமல் படுக்கவைத்தால் மை நுனியிலும் அடியிலும் சமமாக இருக்கும். மூடி சொடுக்கென்று பூட்டுகிறதா என்று பாருங்கள்; மின்விசிறியின் கீழ் திறந்து கிடந்தால் ஒரு பாடத்திலேயே வறண்டுவிடும். மை போத்தல் வாங்கி நிரப்பும் வகை மாதம் நான்கைந்து மாக்கர் தீர்ப்பவருக்குக் கட்டாயம் இலாபம். பலகையில் தவறுதலாகப் பெர்மனன்ட் மாக்கரால் எழுதிவிட்டால் அதன் மேலேயே ஒயிட்போட் மாக்கரால் பூசித் துடையுங்கள், புதிய மையின் கரைப்பான் பழையதை இளக்கி எடுத்துவிடும்.

ஹைலைட்டர். பெரும்பாலும் தண்ணீர் மை. போட்டோக் கொப்பி எடுத்த குறிப்பின் மேல் தாராளமாக அடிக்கலாம். வீட்டு இங்க்ஜெட் பிரின்டர் தாளிலும் ஜெல் எழுத்திலும் அடித்தால் எழுத்து இழுபடும். மஞ்சள் போதும், போட்டோக் கொப்பியில் விழாது.

## யாருக்கு எது

சாதாரணதரம், உயர்தரம் எழுதும் பிள்ளைக்கு இலேசான எண்ணெய் மைப் பேனை இரண்டு. புதிய பேனையோடு மண்டபத்துக்குள் போக வேண்டாம். ஒரு வாரம் வீட்டில் எழுதிப் பழகியதைக் கொண்டுபோகட்டும். ஜெல் பழகிய பிள்ளையைப் பரீட்சை நெருங்கும்போது மாற்ற வேண்டாம், கை குழம்பும். கறுப்பு ஜெல் ரீபில் ஒன்றைக் கூடுதலாக வாங்கிக் கொடுங்கள். சிறு பிள்ளைக்கு மலிவான போல்பொயின்ட். வாரம் ஒன்று தொலையும், கவலையில்லை.

காணி, பிறப்பு, வங்கி தொடர்பான எதற்கும் கறுப்பு அல்லது கடும் நீலம். இலங்கையில் 2006 முதல் காசோலையின் படத்தைத்தான் வங்கிகள் ஒன்றுக்கொன்று அனுப்புகின்றன. வெளிர் நிறம் படத்தில் விழாது. நிறத்துகள் மைக் கறுப்பு ஜெல் உறுதியாகத் தெரிந்தால் அது, தெரியாவிட்டால் போல்பொயின்ட். சேமித்து வைக்கும் ஆவணத்தின் பின்புறம் ஒரு மூலையில் பெயரையும் திகதியையும் பென்சிலால் மெல்ல எழுதிவையுங்கள். பென்சில் கரி தண்ணீரிலும் கரையாது, வெயிலிலும் மங்காது.

வீட்டில் இருக்கும் பேனைகளில் எது எந்த வகை என்று குழப்பமானால் ஒரு தாள் போதும். ஒவ்வொரு பேனையாலும் ஒரு வரி எழுதுங்கள், பக்கத்தில் அந்தப் பேனையின் பெயரைப் பென்சிலால் குறியுங்கள். ஒரு மணித்தியாலம் காயவிட்டு, தாளை நெடுக்காக வெட்டுங்கள். ஒரு பாதியைத் தண்ணீர்த் தட்டில் கால் மணித்தியாலம் போட்டு எடுங்கள். மற்றப் பாதியை வெயில் விழும் யன்னலில் ஒரு மாதம் ஒட்டிவையுங்கள். செப்டெம்பரில் செய்தால் மழைக்கு முன் பதில் கிடைக்கும். எங்கள் கடைச் சுவரில் இந்த வருடத் தாள் தொங்குகிறது. வருபவர்கள் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள்.